பூங்காவனம் இருக்காங்களா?

ஜூன் 3, செவ்வாய்

புது வேலை கிடைத்தால் நாட்குறிப்பு எழுதுவதாக எனக்கு நானே வாக்குக் கொடுத்திருந்தேன். கிடைத்துவிட்டது, எழுதுகிறேன்.

ஒன்பது வருடம் சீரியல் வசனம் எழுதி, ஒருவழியாக மாமியார்களிடமிருந்து தப்பித்தாயிற்று. இப்போது பெருங்குடியில் ஒரு கேம் கம்பெனி. விளையாட்டின் பெயர் உப்புக்கோட்டை. பதினெட்டு வயது தாண்டியவர்களுக்கு மட்டும். மந்திரவாதிகள் உண்டு, பறக்கும் பல்லிகள் உண்டு, உப்பளங்களும் அவற்றில் அடிமைகளும் உண்டு. விளையாடுகிறவன் சந்தையில் ஒரு பெண்ணை வாங்குவான். முப்பது வயதுக்காரி. அவளுக்குப் பெயரும் அவனே வைப்பான். மூன்றாம் அத்தியாயத்தில் அவள் கால் விலங்கை அவிழ்த்துவிடுவான். உடனே அவள் நன்றியில் உருகி, படுக்கையறைக் கதவைத் திறந்துவைப்பாள். எனக்கு முன்னால் இருந்த எழுத்தாளர் அப்படி எழுதிவைத்துவிட்டு ஓடிப்போயிருக்கிறார்.

முதலாளி கிரண் என்னைவிடச் சின்னவன். அரை டிரவுசரில் ஆபீஸ் வருகிறான். "மேடம், டீசரைப் பாத்துட்டு நெட்ல எல்லாரும் கிழிச்சுத் தொங்கவிட்டுட்டாங்க. நீங்கதான் காப்பாத்தணும். அடிமைன்னா அந்த வலி தெரியணும். விடுதலைன்னா புல்லரிக்கணும்."

"படுக்கையறைக் கதவு?"

"அது இருக்கட்டும். ஆனா அவளா விரும்பித் திறக்கற மாதிரி."

வீட்டுக்கு வந்த சற்று நேரத்தில் ராணி கேசரி கிளறிக் கொண்டுவந்து வைத்தாள். நான் வாயே திறக்கவில்லை. வேலை கிடைத்ததை வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தத்திலேயே கண்டுபிடித்துவிட்டாளாம்.

ஜூன் 5, வியாழன்

அம்மாவின் இடுப்பு மூட்டை மாற்றியே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஜூலை நடுவில் ஆபரேஷன். அதற்கப்புறம் ஆறு வாரமாவது தூக்கி உட்காரவைக்க ஆள் வேண்டும். நல்லவேளை, ராணி இருக்கிறாள்.

ராணி எங்கள் வீட்டுப் பெண் மாதிரி. நான் தொட்டிலில் இருந்தபோது, ஆட்டிவிடுவதற்காக அப்பா விழுப்புரம் பக்கம் எங்கிருந்தோ கூட்டிவந்தார். அப்போது அவளுக்கு ஒன்பதோ பத்தோ. அப்பா போனபிறகும் இங்கேயேதான் இருக்கிறாள். "சம்பளம்னு குடுத்தா வேலைக்காரி ஆயிடுவா. அவ நம்ம வீட்டுப் பொண்ணு" என்று அம்மா எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வாள்.

அம்மாவின் போனுக்கு அடிக்கடி ராங் நம்பர் வருகிறது. இன்றைக்கும் வந்தது. அம்மாவே எடுத்துப் பேசி வைத்துவிட்டாள்.

ஜூன் 9, திங்கள்

இன்று ஆபீஸில் எனக்குப் பெரிய பெயர். அடிமைப் பெண் எப்படி நிற்பாள், எப்படி உட்காருவாள் என்று படம் வரைகிறவர்களுக்கு எழுதிக் கொடுத்தேன். கதவு நிலையில் தோளைச் சாய்க்காமல் நிற்பாள். எல்லோரும் சாப்பிட்டபிறகு, தட்டைக் கையில் ஏந்தி, நின்றபடி சாப்பிடுவாள். கூப்பிடுவதற்கு முன்பே வந்துவிடுவாள். தூங்கும்போது தலை சமையலறை வாசல் பக்கம்தான் இருக்கும்.

படித்ததும் கிரண் கைதட்டினான். "இதெல்லாம் எங்க பிடிச்சீங்க மேடம்?"

கற்பனைதான் என்றேன். சீரியலில் இருந்தபோது யாரும் எனக்குக் கைதட்டியதில்லை.

ஜூன் 12, வியாழன்

எழுதவே கை கூசுகிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

காலையில் அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். போன் சாப்பாட்டு மேசையில் அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தேன்.

"பூங்காவனம் இருக்காங்களா?"

ஒரு பெண் குரல். தெருக்கோடியில் ஆள் இருப்பது போலக் கத்திப் பேசினார்கள். எங்கள் வீட்டில் பூங்காவனம் என்றால் அப்பாவின் அம்மா. நான் பள்ளிக்கூடம் படிக்கும்போதே போய்ச்சேர்ந்துவிட்டார்.

"அவங்க இறந்து பல வருஷம் ஆச்சுங்க" என்றேன்.

உள்ளே இழுத்த மூச்சு வெளியே வராத மாதிரி ஒரு சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் ஓலம். அந்த ஓலத்துக்குப் பின்னால் ரயில்வே கேட் மூடும்போது அடிக்கிற மணி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. நான் "ஹலோ, ஹலோ" என்று கத்தினேன். வைத்துவிட்டார்கள்.

திரும்பினால் ராணி சமையலறைக் கதவில் நிற்கிறாள். தம்ளரிலிருந்து காபி தரையில் வழிந்துகொண்டிருக்கிறது. இத்தனை வருடத்தில் அவள் ஒரு சொட்டு சிந்தி நான் பார்த்ததில்லை.

"யாரு பாப்பா போன்ல?"

"தெரியலை ராணி. செத்துப்போன பாட்டியைக் கேட்டாங்க."

"அழுவுறாங்களா?"

"ஆமா. ரொம்ப."

குனிந்து தரையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள்.

அம்மா வந்து நம்பரை அழித்துவிட்டாள். "எவளாவது சொத்து கித்துன்னு வருவா. இனிமே என் போனை எடுக்காதே" என்றாள். பாட்டி செத்தபோது அவர் பெற்ற பிள்ளைகளே அப்படி அழவில்லை. இத்தனை வருடம் கழித்து யார் அழுவது? நாள் முழுக்க அந்த மணி காதை விட்டுப் போகவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

உப்புக்கோட்டையில் பேய் வந்துவிட்டது.

விலங்கை அவிழ்த்தபிறகு அந்தப் பெண் எங்கே போனாள் என்று பார்த்தால், பழைய எஜமானன் வீட்டுச் சமையலறைக் கதவில் நிற்கிறாளாம். அவளை ஏவுவதற்கு யாரும் இல்லை. வீடே எரிந்து கூரை போய்விட்டது. ஆனாலும் எரிந்த கதவு நிலையருகே நின்றுகொண்டு, வருகிறவர் போகிறவரைக் கண்ணால் தொடர்கிறாள். விளையாடிப் பார்க்கிற பையன்கள் அந்தப் பக்கம் போகவே பயப்படுகிறார்கள்.

புரோகிராமர் ஜெரால்டு அதிகம் பேசாத ஆள். அவர்தான் விளக்கினார். "ஒவ்வொரு கேரக்டருக்கும் வீட்டுப் புள்ளின்னு ஒண்ணு குடுக்கணும் மேடம். யாருக்கும் அவங்க தேவைப்படாதப்ப அவங்க போய் இருக்கற இடம். நாய்க்குக்கூட குடுத்திருக்கோம். இவளுக்குக் காலியா இருக்கு. அதனால கடைசியா வேலை செஞ்ச இடத்துக்கே போயிடறா."

"நீங்களே ஏதாவது ஒண்ணு போட்டுடுங்களேன்."

"நான் எப்படிப் போடறது? அவ எந்த ஊருன்னு நீங்க எழுதவே இல்லையே."

ஜூன் 19, வியாழன்

இன்று ஒரே சண்டை. விடுதலையானபிறகு அவளுக்குச் சொந்தப் பெயர் திரும்பவேண்டும் என்றேன். விளையாடுகிறவன் ஆசையாக வைத்த பெயரை மாற்றினால் மனசு ஒடிந்துவிடுவான் என்றான் கிரண். அவள் கதவைத் திறக்க மறுக்கவும் வழி வேண்டும் என்றேன். கிரண் தலையில் கைவைத்துக்கொண்டான். பேயை ஓட்டுகிற வேலை உங்களுடையது, முதலில் அதைப் பாருங்கள் என்றான்.

ஜெரால்டு நடுவில் ஒன்று கேட்டார். "விலங்கோட சாவி முதல் அத்தியாயத்துலயே அவன் கைக்கு வந்துடுது. மூணாவது வரைக்கும் ஏன் திறக்காம வச்சிருக்கான்?"

"அப்பவே திறந்துட்டா கதை எங்க இருக்கு?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஜெரால்டு சிரிக்கவில்லை. சில பேருக்கு நகைச்சுவை வராது.

ஜூன் 22, ஞாயிறு

அந்தப் பெண்ணுக்கு ஊர் வேண்டும், பெயர் வேண்டும். யோசித்து யோசித்துப் பார்த்தேன், எல்லாம் சினிமா செட் மாதிரியே வந்தது. ராணி தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். சும்மா கேட்டேன்.

"ராணி, உங்க ஊரைப் பத்தி என்ன ஞாபகம் இருக்கு?"

அவள் கை நிற்கவில்லை. "கேட்டு" என்றாள்.

"என்ன கேட்டு?"

"ரயிலு கேட்டு. மூடினா மணி அடிக்கும். பஸ்ஸெல்லாம் வரிசையா நிக்கும். நானும் தங்கச்சியும் வெள்ளரிப்பிஞ்சு எடுத்துக்கினு ஓடுவோம். தொறக்கறதுக்குள்ள வித்துடணும்." ஒரு கொத்தை எடுத்து உதறினாள். "அவதான் நல்லா ஓடுவா. நான் மெதுவு."

"தங்கச்சி பேரு?"

"காமாட்சி."

"ராணி, காமாட்சி. நல்லாயிருக்கே."

"ராணி அம்மா வச்ச பேரு பாப்பா. எங்க வீட்ல வச்சது பூங்காவனம். இங்க பெரியம்மா பேரும் அதுதான். மாமியார் பேரைச் சொல்லி எப்படி வேலை ஏவுறதுன்னு, வந்த அன்னிக்கே அம்மா மாத்திட்டாங்க."

கீரையை உருவி முடித்துவிட்டு, காம்பைக் கொட்ட எழுந்துபோனாள்.

ஜூன் 23, திங்கள்

ஆபீஸ் போகவில்லை. தலைவலி.

ஜூன் 24, செவ்வாய்

அம்மாவிடம் கேட்டேன். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அந்தத் தங்கை எப்படியோ விசாரித்து நம்பரைப் பிடித்துவிட்டாளாம். போன மாதத்திலிருந்தே கூப்பிடுகிறாளாம்.

"இத்தனை வருஷம் எங்க போயிருந்தா? நாமதானே சோறு போட்டோம், துணி எடுத்துக் குடுத்தோம்? இப்ப வந்து அக்கான்னு நின்னா?"

"அம்மா, அவ செத்துட்டான்னு நான் சொல்லித் தொலைச்சிருக்கேன்."

"தெரியாம சொன்னதுதானே. என்னை ஆபரேஷன் டேபிள்ல படுக்கவச்சுட்டு அவளை அனுப்பிடுவியா? நீ லீவு போட்டுப் பாத்துக்குவியா? முடிஞ்சதும் நீயே சொல்லிக்கோ. யாரு வேணாங்கறா?"

எனக்கு லீவு கிடையாது. இரண்டு மாதத்தில் விளையாட்டு வெளியாகிறது. அம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆபரேஷன் முடியட்டும். நம்பரும் இப்போது கையில் இல்லை.

ராணியிடம் எதுவும் சொல்லவில்லை. பாவம், வீணாக எதற்குக் குழம்பவேண்டும்.

ஜூலை 2, புதன்

அந்தப் பெண்ணுக்கு ஊர் எழுதிவிட்டேன். மலைக்கணவாயில் ஒரு பெரிய கதவு. அரசர்களின் வண்டிகள் போகும்போது அதை மூடுவார்கள், மணி அடிக்கும். வண்டிகளுக்கு நடுவே இரண்டு சிறுமிகள் பழம் விற்றுக்கொண்டு ஓடுவார்கள். விடுதலைக் காட்சியில் விலங்கு கழன்றதும் அந்த மணிச்சத்தம் கேட்கும். அவளுடைய பழைய பெயரைக் கதாநாயகன் அவளுக்குச் சொல்வான். அவள் அவன் காலடியில் விழுந்து அழுவாள்.

ஒலிப்பதிவில் அந்த மணியைக் கேட்டதும் எனக்கு உடம்பு தூக்கிப்போட்டது. கிரணுக்குக் கண்ணில் தண்ணீர். "மேடம், புல்லரிச்சுடுச்சு" என்று கையை நீட்டிக் காட்டினான்.

வீட்டுக்குள் நுழையும்போது ராணி கதவு நிலையருகே நின்றுகொண்டிருந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டேன். "இன்னா பாப்பா, பேயைப் பாத்த மாதிரி நிக்கிற?" என்றாள்.

ஜூலை 9, புதன்

போன் வந்தது. அம்மா படுத்திருந்தாள். நான் எடுத்தேன்.

"அன்னிக்கு நீங்கதானே பேசினீங்க? நான் பூங்காவனத்தோட தங்கச்சிங்க. காமாட்சி. கோச்சுக்காதீங்க. ஆடி அமாவாசை வருது. அக்காவுக்குப் படையல் போடலாம்னு இருக்கோம். என்னிக்கு செத்துதுன்னு சொன்னீங்கன்னா வருசா வருசம் அந்த நாள்லயே செஞ்சுடுவோம்."

நான் சொல்லத்தான் நினைத்தேன். வாய் வரைக்கும் வந்தது. உள்ளே அம்மா புரண்டு படுக்க முடியாமல் முனகினாள். திங்கட்கிழமை ஆபரேஷன்.

"தேதி ஞாபகம் இல்லைங்க. அமாவாசையிலயே வச்சுக்குங்க" என்றேன்.

"அதுக்குப் பிடிச்சது எதுனா உங்களுக்குத் தெரியுமா? நாங்க சின்னதுல பிரிஞ்சது. ஒண்ணும் தெரியல."

எனக்கும் தெரியவில்லை. ராணிக்கு என்ன பிடிக்கும் என்று இதுவரை யோசித்ததே இல்லை. "கேசரி" என்றேன். அது எனக்குப் பிடித்தது.

இந்த முறை நம்பரை என் போனில் ஏற்றிக்கொண்டேன். இனி எல்லாம் என் கையில் இருக்கிறது. ஆபரேஷன் முடிந்து அம்மா வீட்டுக்கு வந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, ராணிக்குப் புதுப்புடவை எடுத்துக்கொடுத்து, பக்கத்தில் உட்காரவைத்து, நானே அந்த நம்பரைப் போட்டு அவள் கையில் கொடுப்பேன். செத்தவள் குரல் கேட்டால் அந்தத் தங்கைக்கு எப்படி இருக்கும்! நான் எழுதிய காட்சியைவிட இது பெரிய காட்சி. அதுவரை பத்து நாள்தானே.

அப்போது ராணி எங்கே இருந்தாள் என்று தெரியவில்லை. கதவுப் பக்கம் நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜூலை 14, திங்கள்

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ராணி ஆஸ்பத்திரியிலேயே தங்குகிறாள். அம்மாவின் போனை அவளிடம் கொடுத்து, பச்சையைத் தொட்டால் எடுக்கலாம், சிவப்பைத் தொட்டால் வைக்கலாம் என்று சொல்லிக்கொடுத்தேன். நான் வேளாவேளைக்குக் கூப்பிட்டு விசாரிக்கவேண்டும் அல்லவா?

ஜூலை 16, புதன்

ஜெரால்டு வீட்டுப் புள்ளியைப் போட்டுவிட்டார். ஆனாலும் பேய் போகவில்லை. வழி தெரிகிறது, போக மாட்டேன் என்கிறாள் என்றார். என்ன காரணம் என்று கேட்டேன். "கதாநாயகன் சொல்லாம அவளா நகரக்கூடாதுன்னு எழுதியிருக்கீங்க மேடம். விலங்கு போனப்புறமும், எங்க அனுப்பினாலும், அவன் வந்து போன்னு சொல்லணும்னு நிக்கறா."

ஜூலை 19, சனி

அம்மாவை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டோம். கிளம்பும்போது நர்ஸ் ராணியைத் தட்டிக்கொடுத்து, "அன்னிக்கு வராண்டாவுல போனை வச்சுக்கிட்டு அழறதும் சிரிக்கறதுமா இருந்தீங்களே, அம்மாவுக்கு நல்லாயிடுச்சுன்னு அவ்வளவு சந்தோஷமா?" என்றாள். ராணி குனிந்து அம்மாவின் செருப்பை மாட்டிவிட்டாள். பாசக்காரி.

மாலையில் அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு தானாகவே சமையலறை வரை நடந்தாள். ராணி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அம்மா போவதையும் திரும்புவதையும் பார்த்தபடி நின்றாள். பிடிக்கப் போகவில்லை.

புடவை வாங்கிவிட்டேன். மாம்பழ மஞ்சள். நாளைக்கு என்ன பேசவேண்டும் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். எங்கே நிறுத்தவேண்டும் என்பதுகூடத் தெரியும்.

ஜூலை 20, ஞாயிறு

ராணி இல்லை.

டிகாக்ஷன் இறங்கியிருந்தது. பால் காய்ச்சி மூடியிருந்தது. அம்மாவின் மாத்திரைகள் காலை, மதியம், இரவு என்று மூன்று கிண்ணத்தில். பாய் சுருட்டி சுவரோரம் நின்றது. கட்டியிருந்த புடவையோடு போயிருக்கிறாள்.

அம்மா கத்திக்கொண்டே இருக்கிறாள். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. அம்மாவின் போனை எடுத்துப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை அந்த நம்பரிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. படையலுக்கு இன்னும் ஏதோ கேட்கக் கூப்பிட்டிருப்பாள். அக்காவே எடுத்துவிட்டாள்.

அப்படியானால் செவ்வாயிலிருந்து சனி வரை எல்லாம் தெரிந்துகொண்டேதான் அம்மாவைத் துடைத்துவிட்டிருக்கிறாள், எனக்குக் காபி ஆற்றிக் கொடுத்திருக்கிறாள். அம்மா தன் காலில் நடப்பதைப் பார்த்துவிட்டுத்தான் போயிருக்கிறாள். அவளைப் போகச் சொல்ல யாரும் வரவேண்டியிருக்கவில்லை.

புடவை பையிலேயே இருக்கிறது. கோபம் கோபமாக வருகிறது. ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா? நானேதான் அனுப்ப இருந்தேனே!

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. படையல் போட்டிருக்க மாட்டார்கள். ஒருவேளை கேசரியை மட்டும் கிளறி, அக்காவுக்குப் பிடிக்கும் என்று இலையில் வைத்திருப்பார்கள். அவளும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டிருப்பாள்.

ஜூலை 28, திங்கள்

விடுதலைக் காட்சியை அடித்து நீக்கிவிட்டேன். இப்போது மூன்றாம் அத்தியாயத்தில் கதாநாயகன் சாவியோடு வந்து பார்த்தால் விலங்கு தரையில் கிடக்கும். அவள் இருக்க மாட்டாள். எப்படித் திறந்தாள் என்று அவனுக்குத் தெரியாது. கணவாய்க்குத் தேடிப் போனால் பெரிய கதவு மூடிக்கொள்ளும், மணி மட்டும் கேட்கும். படுக்கையறைக் கதவு என்ற பேச்சே இல்லை.

கிரண் குதித்தான். "அப்ப ப்ளேயர் எதுக்கு மேடம் இருக்கான்?"

தெரியவில்லை என்றேன். ஜெரால்டு அதற்குள் மாற்றிவிட்டார். பேய் போய்விட்டது. எரிந்த வீட்டுக் கதவு காலியாக நிற்கிறது. அதைத்தான் பார்க்க முடியவில்லை.

வீட்டிலும் அப்படித்தான் இருக்கிறது. காபி போட்டு எடுத்துக்கொண்டு திரும்பும்போது, கதவில் யாரோ நிற்பது போல ஒதுங்கி வருகிறேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. லெமன் சாதம் கிளறினேன், அடி பிடித்துவிட்டது. அம்மா ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினாள்.

மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று நாலைந்து நாளாகவே மனசு அடித்துக்கொண்டிருந்தது. திரும்பி வா என்று கேட்கமாட்டேன், புடவையை மட்டும் அனுப்பிவைக்கிறேன் என்று சொல்லலாம் என நினைத்தேன். அந்தத் தங்கையின் நம்பருக்குப் போன் செய்தேன். ரொம்ப நேரம் அடித்தது. எடுத்தார்கள்.

பின்னால் மணி அடித்துக்கொண்டிருந்தது. யாரோ சிரித்தார்கள். பஸ் ஹாரன்.

"ராணி இருக்காங்களா?" என்றேன்.

மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்டது. அந்த மூச்சு எனக்குத் தெரியும். என்னைத் தூங்கவைத்த மூச்சு.

"அவங்க இறந்து பல வருஷம் ஆச்சுங்க" என்றாள்.

நிதானமாக, மரியாதையாக, நான் சொன்ன அதே மாதிரி சொன்னாள். எனக்குக் கண்ணீர் கொட்டியது. அவள் உடனே வைத்துவிடவில்லை. மணி நிற்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். அழுகிறேனா என்று பார்த்திருப்பாள். கேட் திறந்திருக்கவேண்டும், வண்டிகள் கிளம்பும் சத்தம் வந்தது. அப்போது வைத்தாள்.

"யாருடி போன்ல?" என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டாள்.

ராங் நம்பர் என்றேன்.